சுண்ணாம்பும் சீமெந்தும்

கோபுரத்தை எழுப்பிய மன்னன் பெயரைச் சரித்திரம் சொல்லும்; கல்லைச் செதுக்கிய சிற்பியின் பெயரைச் சிலவிடத்துச் சாசனம் சொல்லும். கல்லோடு கல்லைப் பிணைத்து நிற்கும் சாந்தின் கதையை எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும், மனிதன் வீடு கட்டிய வரலாற்றில் வானத்துக் காற்றையே மாற்றத்தக்க திருப்பமொன்று நிகழ்ந்தது அந்தச் சாந்திலேதான். ஒரு வீட்டில் முதல் விளக்கு ஏற்றப்படு முன்னரே, அதன் கல்லும் சாந்தும் இரும்பும் ஆக்கப்பட்டபோது எவ்வளவு காபனீரொட்சைட்டு வானிற் கலந்தது என்று இன்று அறிஞர் கணக்கிடுகின்றனர். கட்டடத்திற் பொதிந்த காபன் என்று அதனைக் கூறலாம். அக்கணக்கேட்டிலே பெரும் பற்று சீமெந்தின் பெயரில் எழுதப்பட்டுள்ளது. மனிதர் செயலால் வெளியேறும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சீமெந்துத் தொழிலிலிருந்தே வருகின்றது.

வெற்றிலை போடும் பெரியோர்க்குச் சுண்ணாம்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் இரசாயன நூல் சொல்வதைச் சுருக்கிச் சொல்லுவேன். சுண்ணாம்புக்கல், முருகைக்கல், சிப்பி யாவும் பெரும்பாலும் கல்சியங் காபனேற்று என்னும் ஒரே பொருளாலானவை. அதனைச் சூளையிலிட்டு ஏறக்குறைய 900 பாகை சதமளவைச் சூட்டில் எரித்தால், தூய கல் 100 இறாத்தலிலே 44 இறாத்தல் காபனீரொட்சைட்டாய்ப் போய்விடும். எஞ்சுவது 56 இறாத்தல் சுட்ட சுண்ணாம்பு. அதன்மேல் நீர் தெளித்தால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரிற் பூசினால், அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மறுபடியும் கல்லாகின்றது. பாடசாலை ஆய்வுகூடத்திலே தெளிந்த சுண்ணாம்பு நீருக்குட் குழாயால் ஊதி, அது பால்போல் வெளுப்பதைக் கண்ட மாணவர், ஒரு சுவருக்குள் ஆண்டுக்கணக்கில் நடப்பதை ஒரு நிமிடத்திற் கண்டவராவர். கல்லை விட்டுப் போன வாயு சுவருக்கே திரும்பி வருகின்றது. சூளையில் எரிந்த விறகின் கணக்கு வேறு. வெட்டிய மரத்துக்கு மரம் வளர்ந்தாலன்றி அது தீராது. பழையன யாவும் குற்றமற்றவை என்று சாதிப்பது என் நோக்கமன்று.

இவ்வுண்மை எப்பொழுது அறியப்பட்டது? இங்கேதான் சரித்திரத்தின் விந்தையைக் காண்கிறோம். 1756 ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த யோசேப்பு பிளாக் என்னும் வைத்திய அறிஞர், தமது பரிசோதனைகளை அச்சிட்டு வெளிப்படுத்தினார். சுட்ட சுண்ணாம்பின் காரம் நெருப்பிலிருந்து உட்புகுந்த ஏதோவொரு பொருளால் வருவதென்று அந்நாட் பலர் எண்ணியிருந்தனர். பிளாக் தராசை எடுத்து நிறுத்துப் பார்த்தார். கல் சூட்டினால் எதையும் பெறவில்லை, ஒரு வாயுவை இழந்தது என்று காட்டினார். கல்லுக்குள் நிலைத்திருந்தமையால் அதனை 'நிலைத்த காற்று' என்று பொருள்படும் பெயரால் அழைத்தார். அதுவே நாம் இன்று அஞ்சும் காபனீரொட்சைட்டு.

அதே 1756 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலில், எடிஸ்ரோன் என்னும் பாறைமேல் வெளிச்சவீடு கட்டும் பொறுப்பு யோன் சிமீற்றன் என்னும் பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பாறையில் முன்பு நின்ற ஒரு கோபுரத்தை 1703 ஆம் ஆண்டுப் புயல் அடியோடு கொண்டுபோயிற்று. அடுத்ததை 1755 இல் நெருப்புத் தின்றது. அலையடிக்கும் இடத்திற் சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து இறுகுமுன் கரைந்துவிடும். ஆதலின் சிமீற்றன் பல ஊர்ச் சுண்ணாம்புக்கற்களை வருவித்து, அமிலத்திற் கரைத்து, அடியில் எஞ்சுவதை நோக்கினார். எந்தக் கல்லிற் களிமண் கலந்திருந்ததோ அந்தக் கல்லின் சுண்ணாம்பே நீருக்குள்ளும் இறுகியது. அதனோடு இத்தாலி தேசத்து எரிமலைச் சாம்பரையும் கூட்டி 1759 இல் வெளிச்சவீட்டை முடித்தார். நூறாண்டுக்கு மேலாக அது நின்றது. பின்னர் அதனை அகற்ற வேண்டி வந்ததும் கோபுரம் தளர்ந்தமையாலன்று. அடியிலிருந்த பாறையைக் கடல் அரித்தமையால். அதன் மேற்பகுதி இன்றும் பிளிமது நகரிலே நிற்கின்றது.

கல் எதனை இழக்கின்றது என்று ஒருவர் அறிந்தார். அந்தக் கல்லை எவ்வாறு வலியதாக்கலாம் என்று மற்றவர் அறிந்தார். இருவரும் ஒரே தீவினர், ஒரே ஆண்டினர். ஆனால் பின்வந்த தொழிலுலகம் சிமீற்றனின் வழியையே பற்றிச் சென்றது. பிளாக்கின் தராசை எவரும் சூளைவாயிற் கொண்டுபோய் வைக்கவில்லை.

1824 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் லீட்ஸ் நகரத்துச் செங்கல் மேசனாகிய யோசேப்பு அஸ்ப்டின் என்பவர், சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்து எரித்துச் செய்யும் ஒரு பொடிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இறுகிய பின் போட்லண்ட் என்னும் இடத்துக் கல்லை ஒத்திருக்கும் என்று அதற்குப் போட்லண்ட் சீமெந்து எனப் பெயரிட்டார். பிற்பாடு வந்தோர் சூட்டை 1,450 பாகை வரை உயர்த்தினர். 1885 இல் றான்சம் என்பவர் சுழலும் சூளைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதன் பின்னர் இரவு பகலாய் ஓயாது சீமெந்து வடிக்கும் வழி திறந்தது.

சீமெந்து வெற்றி பெற்றதற்குத் தக்க காரணங்கள் உண்டு. சுண்ணாம்பு இறுக மாதங்கள் வேண்டும். சீமெந்துக்குச் சில மணி நேரம் போதும். அணையும் பாலமும் துறைமுகமும் அதனால் எளிதாயின. ஆனால் சீமெந்து இறுகுவது நீரோடு சேர்ந்து. காற்றிலுள்ள வாயுவை உண்டு அன்று. கல்லிலிருந்து போன கடன் உடனே திரும்புவதில்லை. பல்லாண்டுகளில் ஓரளவு திரும்புகின்றது என்று அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அங்கேயும் ஒரு கேடு: அவ்வாயு கொங்கிறீற்றுக்குள் ஊறி இரும்புக் கம்பியைத் தொடும்போது, கம்பியைக் காத்துநின்ற காரம் நீங்கிவிடுகின்றது. கம்பி துருவேறிப் பருத்து, மேற்பூச்சைப் பிளக்கின்றது. கடலோரத்து உப்புக் காற்றும் சேர்ந்தால் இது விரைவில் நடக்கும். சுண்ணாம்புச் சுவருக்கு வலிமை தரும் அதே வாயு, கம்பியிட்ட தூணுக்குப் பகையாகின்றது.

இனி எம்மூருக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் ஒரு சுண்ணாம்புப் பாறை. ஒல்லாந்தர் ஐங்கோணமாக அமைத்து, வெளியரண்களை 1792 இல் முடித்த யாழ்ப்பாணக் கோட்டை முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. எம் பாட்டன்மாரின் நாற்சார் வீடுகளும் அவ்வாறே. வளைக்கும் சிலாகைக்கும் பனைமரமே கைகொடுத்தது. தோட்டத்துப் பனையும் காலடிக் கல்லும் வீடாயின.

1950 ஆம் ஆண்டில் காங்கேசன்துறையிலே இலங்கையின் முதற் சீமெந்து ஆலை இயங்கத் தொடங்கிற்று. அக்காலத்துக் கைத்தொழில் மந்திரியாயிருந்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள். கல் அங்கேயே கிடந்தது; களிமண் முருங்கனிலிருந்து வந்தது; புகைவண்டியும் துறைமுகமும் பக்கத்தில் இருந்தன. அது எத்தனை குடும்பங்களுக்குச் சோறிட்டது என்பதையும், எத்துணைப் பெருமையாய்த் திகழ்ந்தது என்பதையும் இம்மலரை வாசிக்கும் பெரியோர் என்னிலும் நன்கு அறிவர். அவ்வாண்டில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 13 கோடி தொன் சீமெந்தே செய்தது. இன்று ஆண்டொன்றுக்குச் செய்வது ஏறக்குறைய 400 கோடி தொன்! 13 கோடியாய் இருந்த காலத்தில் எவரும் கவலையுறாமைக்கு அவர்களைக் குறைகூறல் நீதியன்று.

போரினால் 1990 இல் ஆலை நின்றது. 2009 இற்குப் பின்னர் அதனை மீண்டும் இயக்கவேண்டும் என்ற பேச்சுப் பலமுறை எழுந்தது. வேலையற்ற இளைஞர் நிறைந்த நாட்டில் அப்பேச்சை வெறுத்தொதுக்க நான் துணியேன். ஆனால் 1950 இன் சூளையையே திரும்பக் கேட்பது முறையா? அந்தக் கல்லின் வெடிப்புகளிலேதான் எம் கிணறுகளின் நன்னீர் தங்கியிருக்கின்றது. கல்லை அகழ்ந்த பள்ளத்தை மறுபடியும் நிரப்புவாரில்லை. சீமெந்துச் சூளை விடும் காபனீரொட்சைட்டிலோ பாதிக்கு மேற்பட்டது எரிபொருளிலிருந்தன்று, கல்லிலிருந்தே வருவது. ஆகவே நிலக்கரியை நீக்கி விறகோ வேறெதுவோ எரித்தாலும் அப்பங்கு குறையாது. கல்லைக் குறைத்தாலன்றி வேறு வழியில்லை.

குறைக்கும் வழி பழையதே. உரோமர் ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் கட்டிய பந்தியன் ஆலயத்தின் கூரை, 43 மீற்றர் அகலத்தில், இரும்புக் கம்பியில்லாமல் இன்றும் நிற்கின்றது. சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பர் கூட்டியது அது. சிமீற்றன் தேடிப்பெற்ற சாம்பரும் அவ்வினமே. எம் காலத்தில் நுரைச்சோலை அனல் நிலையத்தின் சாம்பரைச் சீமெந்தோடு கலப்பதும் அதன் வழித்தோன்றலே. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலே கறென் சிக்றிவெனர் என்னும் அம்மையாரும், கியூபா, இந்திய அறிஞரும் ஆராய்ந்த புதுக் கலவையொன்று உண்டு. எரித்த சீமெந்துக் கட்டி பாதியே. மீதியில் 800 பாகையளவிற் சுட்ட களிமண் 30 பங்கும், எரிக்காத சுண்ணாம்புக்கல் 15 பங்கும், சிறிது ஜிப்சமும் சேரும். இதனால் வாயு நூற்றுக்கு 40 வரை குறையலாம். இதற்கேற்ற வெண்களிமண் பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் கிடைக்கின்றது. காங்கேசன்துறையைப் பற்றி மனுக் கொடுப்போர் இதனையும் எழுதிக் கேட்கலாம்.

இன்னொன்று. கோயில் திருப்பணி என்றாலும் பாடசாலை விழா என்றாலும், பழைய மண்டபத்தை இடித்துக் கொங்கிறீற்றில் எழுப்புவதே எம்மவர் வழக்கமாகி விட்டது. 'சுவர் ஈரம் கட்டுகிறது, பூச்சு உதிர்கிறது' என்பது காரணமாகச் சொல்லப்படும். பலவிடங்களில் அச்சுவரின்மேல் இடைக்காலத்தில் யாரோ சீமெந்து பூசியிருப்பர். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளிவிடும் இயல்பினது. சீமெந்துப் பூச்சு அதனை அடைத்துவிட, உப்பும் நீரும் உள்ளே நின்று கல்லைத் தின்னும். பூச்சைக் கவனமாய் நீக்கி மறுபடி சுண்ணாம்பு பூசினால் நிற்கக்கூடிய சுவர் அது. 1988 ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடுத்திருக்கின்றது. இன்று இடித்துக் கொட்டும் கல்லுக்கு ஈடாக நாளைக்குக் கடலிலிருந்து ஒரு கல் எடுக்க முடியாது.