2003 வட அமெரிக்க மின்தடையும் நேரக் குறித் திருத்தமும்

2003 ஆகஸ்டு 14 அன்று அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலும் ஏற்பட்ட பெரும் மின்தடை, ஏறத்தாழ 5 கோடி மக்களைப் பாதித்தது. தொடக்கத்தில் கனடிய அதிகாரிகள் தவறு அமெரிக்கப் பக்கம் என்றனர். அமெரிக்காவில் சிலர் கனடாவைக் கைகாட்டினர். எது முதலில் நடந்தது என்று தெரிந்தால்தான் இவ்வழக்குத் தீரும். இரு நாடுகளும் கூட்டுப் பணிக்குழு அமைத்து, கணினிப் பதிவுகளைத் திரட்டின.

பதிவுகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றிலிருந்த நேரக் குறிகள்தாம் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மாலை 4:06 முதல் 4:13 வரையிலான ஏழு நிமிடங்களில் 500-க்கும் மேற்பட்ட மின்னாக்கிகள் நின்றுபோயின. பல நிகழ்வுகளுக்கு இடையே சில நொடிகளே இடைவெளி. இரு நிலையங்களின் கடிகாரங்கள் மூன்று நொடி வேறுபட்டாலும், விளைவு முன்னும் காரணம் பின்னுமாகத் தோன்றும்.

பிழைகள் இருவகைப்பட்டன. சில கடிகாரங்கள் தேசிய நேரத் தரத்தோடு ஒத்துப் பார்க்கப்படாதவை. வேறுபாடு இவ்வளவு என்று கண்டறிந்தால், அதைக் கூட்டியோ கழித்தோ இவற்றைச் சரிசெய்யலாம். மற்றவகை கடினமானது. செய்திகள் வந்து குவிந்ததால் சில கணினிகள் திணறி, தாமதமாகவே நேரம் பொறித்தன. கடிதம் போய்ச் சேர்ந்த ஊரின் அஞ்சல் முத்திரையை, அது எழுதப்பட்ட நாளாகக் கொள்வது போன்றது இது. தாமதம் ஒவ்வொரு செய்திக்கும் மாறுபடுவதால் ஒரே எண்ணைக் கழித்துத் திருத்த இயலாது.

ஆகவே ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்த வேண்டியதாயிற்று. இத்தகைய ஒப்பீட்டில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் நேரத்தோடு இணைந்த பதிவுக்கருவிகளே அளவுகோல். மின்தடம் ஒன்று துண்டிக்கப்பட்டால் அதன் இரு முனைகளிலும் அது பதிவாகும். ஒரு முனையின் நேரம் நம்பத்தக்கதாக இருந்தால் மறுமுனையின் பிழை வெளிப்பட்டுவிடும்.

2003 நவம்பரில் இடைக்கால அறிக்கையும் 2004 ஏப்ரலில் இறுதி அறிக்கையும் வெளிவந்தன. தொடக்கம் ஒகையோ மாநிலத்தில் என்பது உறுதியாயிற்று. அங்கு ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தின் எச்சரிக்கை மென்பொருள் பிற்பகல் 2:14 மணிக்கே செயலிழந்திருந்தது. கட்டுப்பாட்டறையினர் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக அதை அறியவில்லை. 3:05 மணிக்கு மரத்தில் உரசி ஓர் உயர் அழுத்த மின்தடம் அறுபட்டது. 4:05:57 மணிக்குச் சாமிஸ்–ஸ்டார் தடமும் வீழ்ந்த பின்னர் சரிவைத் தடுக்க முடியவில்லை.

இறுதி அறிக்கையின் 28-ஆம் பரிந்துரை பலர் கண்ணில் படாதது, ஆயினும் முக்கியமானது. பதிவுக்கருவிகள் யாவும் செயற்கைக்கோள் நேரத்தோடு இணைக்கப்பட வேண்டும் என்றது அது. பின்னர் வந்த வட அமெரிக்க மின் நம்பகத் தரநிலை, இக்கருவிகளின் நேரம் உலகப் பொது நேரத்திலிருந்து 2 மில்லிநொடிக்கு மேல் விலகலாகாது என்று விதித்தது.