மாயாவி எங்கே? விலை ஏன் ஏறிச்சு?

போன வாரம் காங்கேயத்துல மாமா வீட்டுப் பரண்ல ஒரு அட்டைப்பெட்டி கிடைச்சுது. உள்ளே முழுக்க முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ். பழுப்பேறின தாள், கறுப்பு வெள்ளை, கைக்கு அடக்கமான சைஸ். இப்ப வர்ற லயன் புக்கைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க: வழவழ தாள், முழு வண்ணம். ரெண்டுமே சிவகாசியில இருந்து வந்ததுதான். நடுவுல என்ன ஆச்சு?

1972ல இரும்புக்கை மாயாவியோட முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சுது. 1984 ஜூலையில மாடஸ்டி கதையோட லயன் வந்துச்சு, ஆசிரியர் எஸ். விஜயன். மாயாவி நம்ம ஊர்க்காரர் மாதிரி ஆயிட்டாலும், பொறந்தது 1962ல, 'வேலியண்ட்'ங்கிற பிரிட்டிஷ் வார இதழ்ல. அந்த இதழே 1976ல இன்னொரு இதழோட சேர்ந்து மறைஞ்சுபோச்சு. ஊத்து வத்தினா கிணத்துக்குத் தண்ணி எப்படி வரும்? அதனால ஐரோப்பியக் கதைகளுக்கு முக்கியத்துவம் கூடுச்சு: டெக்ஸ் வில்லர், லார்கோ வின்ச், ரத்தப் படலம்.

அதுவரைக்கும் 10 ரூபாய்க்கும் இதழ் கிடைச்சுது. 2012 ஜனவரியில வந்த 'கம்பேக் ஸ்பெஷல்' விலை 100 ரூபாய். வாசகர்கள்கிட்ட ரெண்டு குறை: "விலை கட்டுப்படியாகலை", "எங்க மாயாவி எங்கே?"

திருப்பூர்ல டி-ஷர்ட் பிரிண்டிங் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். 50 பீஸுக்கும் 5,000 பீஸுக்கும் ஸ்கிரீன் செலவு ஒண்ணுதான். புக்கும் அப்படித்தான். சும்மா ஒரு கணக்குக்கு, கதை உரிமை, மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்த்து 1 லட்சம்னு வைங்க. 20,000 பிரதி வித்தா பிரதிக்கு 5 ரூபாய். 2,000 வித்தா 50 ரூபாய். டிவி வந்து பசங்க குறைஞ்சாங்க. மிச்சம் இருந்தது வளர்ந்த வாசகர்கள். கதையும் அவங்க வயசுக்கு மாறுச்சு, விலையும் அவங்க சம்பளத்துக்கு மாறுச்சு. ஆக, குறை ரெண்டு இல்ல, ஒண்ணுதான்.

கோபப்பட்டவங்களுக்காகப் பழைய மாயாவி கதைகள் மறுபதிப்பா வந்துச்சு. ஆனா அதை வாங்கினதும் பெரும்பாலும் அதே பழைய பசங்கதான்.

மாமாகிட்ட கேட்டேன். "அப்பெல்லாம் வூட்ல கேக்காம, கைக்காசுல வாங்கிப் படிச்சோம் கண்ணு"ன்னார். எனக்கு அங்கதான் உறுத்துது. இன்னைக்கு எந்தப் பத்து வயசுப் பையனும் கைக்காசுல இதை வாங்க முடியாது. இதழ் பிழைச்சிருச்சு, சந்தோஷம். அடுத்த வாசகன் எங்கிருந்து வருவான்?

பெட்டியை மறுபடி பரண்ல ஏத்தலை. மாமா பேரன் கைக்கு எட்டுற மாதிரி கீழேயே வெச்சுட்டு வந்துட்டேன்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே!