போர்வீரர் குடும்பங்களின் மருத்துவ உரிமை: ஐக்கிய அமெரிக்க அனுபவம் - ஒரு வரலாற்று நோக்கு

போர்களின் வரலாறு பெரும்பாலும் படையெடுப்புக்களின் வரலாறாகவும் உடன்படிக்கைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. உடன்படிக்கை கைச்சாத்தான பின்னரும் பல்லாண்டு காலம் போரின் சுமையைத் தாங்குவோர் யாவர் என்னும் வினா அவ்வரலாற்றில் அருகியே எழுப்பப்படுகின்றது. களத்தில் மாண்டவனின் மனைவி நோயுற்றால் வைத்தியச் செலவை யார் ஏற்பது? அங்கவீனனாக வீடு திரும்பியவனின் பிள்ளைகளுக்கு அரசு எவ்வளவு தூரம் கடமைப்பட்டுள்ளது? இவ்வினாக்களுக்கு ஐக்கிய அமெரிக்கா காலத்துக்குக் காலம் அளித்துவந்த விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உள்நாட்டுப் போர் மூண்டு ஓராண்டு கழிந்த நிலையில், 1862 ஆம் ஆண்டு யூலை மாதத்திற் காங்கிரஸ் ஓய்வூதியச் சட்டமொன்றை நிறைவேற்றியது. சேவையிற் பெற்ற காயத்தினாலோ நோயினாலோ இறந்தவனின் விதவைக்கும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், அவர்கள் இல்லாதவிடத்து அவனிலே தங்கிவாழ்ந்த தாய்க்கும் சகோதரிகளுக்கும் அது உரிமை வழங்கிற்று. சாதாரண சிப்பாயின் விதவைக்கு மாதந்தோறும் 8 டொலர் கிடைத்தது. இவ்வுரிமை இரு நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்தது. ஒன்று, மரணம் சேவையின் விளைவே என நிறுவப்படல் வேண்டும். மற்றையது, உரிமை கோருபவள் இறந்தவனின் சட்டபூர்வமான மனைவியாக இருந்து, மறுமணம் செய்யாதிருத்தல் வேண்டும். முன்னையதைக் காரணத் தொடர்பு எனவும், பின்னையதை உறவுத் தொடர்பு எனவும் நாம் அழைக்கலாம். பிற்காலச் சட்டங்களிற் பெரும்பாலானவை இவ்விரு தொடர்புகளையும் இறுக்குவதாகவோ தளர்த்துவதாகவோ அமைந்தமையை வரலாறு காட்டுகின்றது.

உறவுத் தொடர்பை நிறுவுதல் எல்லோர்க்கும் எளிதாக இருக்கவில்லை. அடிமைகளாக வாழ்ந்த கறுப்பினத்தவர்க்குச் சட்டபூர்வமாக மணம் புரியும் உரிமையே இருந்ததில்லை. ஆகவே படையிற் சேர்ந்து உயிர்துறந்த கறுப்பினச் சிப்பாயின் மனைவியிடம் திருமண அத்தாட்சி கேட்பது, அரசே மறுத்த ஒன்றை அரசே கேட்பதாயிற்று. கணவன் மனைவியராய் வாழ்ந்தமையைச் சாட்சிகளின் மூலம் நிறுவலாம் என 1864 இல் வந்த சட்டம் இக்குறையை ஓரளவு நீக்கியது. ஆயினும் 1882 ஆம் ஆண்டுச் சட்டம் விதவையின் ஒழுக்கத்தையே சோதனைக்கு உட்படுத்தியது. மணம் புரியாது வேறொருவருடன் வாழ்பவள் ஓய்வூதியத்தை இழந்தாள். மாண்டவனுக்கான நன்றிக்கடன், அவன் மனைவியைக் கண்காணிக்கும் அதிகாரமாகவும் மாறியமை இங்கு கவனிக்கத்தக்கது.

1890 ஆம் ஆண்டுச் சட்டம் காரணத் தொடர்பைப் பெரிதும் தளர்த்தியது. 90 நாட்கள் சேவை செய்து, உடலுழைப்பிற்கு இயலாதவராயினோர், அவ்வியலாமை போரினால் விளையாதபோதும் ஓய்வூதியம் பெறலாயினர். அவர்தம் வறிய விதவையரும் உரிமை பெற்றனர். விளைவாக, சில ஆண்டுகளுக்குள் மத்திய அரசின் வருவாயில் ஏறத்தாழ 40 சதவீதம் ஓய்வூதியங்களுக்கே செலவாகியது. இச்சுமையின் நினைவு பின்வந்த சட்டவாக்குநரை எச்சரிக்கையுடையோராக்கியது. முதலாம் உலகப் போரின்போது, 1917 இல், நட்டஈடும் காப்புறுதியும் இணைந்த புதிய முறையொன்று கொண்டுவரப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவையாவும் பெரும்பாலும் பணக் கொடுப்பனவுகளே. மருத்துவப் பராமரிப்பு வீரனுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. 1865 இல் நிறுவ அனுமதிக்கப்பட்ட அங்கவீனத் தொண்டர் படையினருக்கான தேசிய இல்லமும், 1930 இல் உருவான முன்னாட் படைவீரர் நிருவாகத்தின் வைத்தியசாலைகளும் அவனது உடலையே நோக்கின. சேவையிலுள்ளோரின் குடும்பங்களை இயன்றவிடத்துப் படை வைத்தியர் இலவசமாகக் கவனிக்க வேண்டுமென 1884 இற் காங்கிரஸ் பணித்தது. 1956, 1966 ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவ்வுரிமையை விரிவுபடுத்தி, படையில் ஓய்வுபெற்றோரின் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டன. ஆனால் குறுகிய காலம் சேவைசெய்து, படையிலிருந்து நீங்கிய பின்னர் முற்றாக அங்கவீனமுற்றவர் எனக் கணிக்கப்பட்டவனின் குடும்பம் இவ்வேற்பாடுகளுக்கு வெளியே நின்றது.

வியட்நாம் போர் இக்குறையை வெளிப்படுத்தியது. முன்னைய போர்களிற் களத்திலேயே இறந்திருக்கக்கூடிய பலர், உலங்குவானூர்தி மூலம் விரைவாக வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிர்தப்பினர். அவர்களுட் பலர் கடுமையான அங்கவீனத்துடன் வீடு திரும்பினர். இச்சூழ்நிலையில் 1973 ஓகத்து மாதத்தில் நிறைவேறிய சட்டம், சுருக்கமாகச் சாம்ப்-வீ.ஏ. என அழைக்கப்படும் குடிசார் மருத்துவத் திட்டத்தை உருவாக்கியது. சேவையின் காரணமாக நிரந்தரமாகவும் முழுமையாகவும் அங்கவீனமுற்றவரின் மனைவி மக்களும், சேவையால் விளைந்த காரணத்தால் இறந்தவரின் விதவையும் பிள்ளைகளும் இதற்கு உரித்துடையோராயினர். பெரும்பாலான சேவைகளுக்கு, ஏற்றுக்கொள்ளப்பட்ட கட்டணத்தில் 75 சதவீதத்தை அரசு செலுத்தும். எஞ்சியது குடும்பத்தின் பொறுப்பாகும்.

அதன் பின்னர் உறவுத் தொடர்பு படிப்படியாகத் தளர்ந்தது. தொடக்கத்தில் 65 வயதை அடைந்து முதியோர் மருத்துவக் காப்புறுதிக்கு உரித்துடையவளாகும் விதவை இத்திட்டத்தை இழந்தாள். நோய்கள் மிகும் வயதிலே கைவிடப்படும் இந்நிலையை 2001 ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது. 55 வயதின் பின் மறுமணம் புரிபவள் உரிமையை இழக்கமாட்டாள் என்ற விதி 2003 இல் நடைமுறைக்கு வந்தது. 1862 இன் நிபந்தனை நூற்றிநாற்பது ஆண்டுகளின் பின்னரே இவ்வளவேனும் நெகிழ்ந்தது. 2010 ஆம் ஆண்டுச் சட்டமோ, கடுமையாகப் பாதிக்கப்பட்ட வீரரை வீட்டிலே பராமரிப்பவர் வேறு காப்புறுதியற்றவராயின் அவருக்கும் உரிமை அளித்தது. அவர் தாயாகவோ சகோதரியாகவோ உடன்வாழும் நண்பராகவோ இருக்கலாம். உறவுக்குப் பதிலாக உழைப்பே இங்கு உரிமையின் அடிப்படையாயிற்று.

காரணத் தொடர்பும் மாற்றமடைந்தது. வியட்நாமில் 1962 முதல் 1971 வரை தெளிக்கப்பட்ட களைகொல்லிகளின் விளைவுகள் பல ஆண்டுகளின் பின்னரே நோய்களாக வெளிப்பட்டன. நஞ்சுக்கும் நோய்க்குமிடையிலான தொடர்பை ஒரு தனி விதவை எவ்வாறு நிறுவ முடியும்? 1991 ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட சில நோய்கள் சேவையால் விளைந்தவையே என முன்கூட்டி அனுமானிக்க வழிசெய்தது. 2022 ஆம் ஆண்டுச் சட்டம், முகாம்களில் கழிவுப்பொருட்கள் எரிக்கப்பட்ட குழிகளின் புகையோடு தொடர்புடைய இருபதுக்கு மேற்பட்ட நோய்களுக்கு இவ்வனுமானத்தை விரித்தது. 1996 இன் சட்டம் முதுகெலும்புப் பிளவுடன் பிறந்த வியட்நாம் வீரர்களின் பிள்ளைகளுக்கும், 2012 இன் சட்டம் வட கரோலினாவின் லெஜூன் முகாமிலே நஞ்சு கலந்த நீரைப் பருகி நோயுற்ற குடும்பத்தினர்க்கும் மருத்துவ உதவியை வழங்கின. போரும் படைச்சேவையும் தாக்குவது வீரனின் உடலை மட்டுமன்று என்பதைச் சட்டம் இவற்றின் மூலம் ஒப்புக்கொண்டது.

ஆயினும் அடிப்படை வினா தீர்ந்துவிடவில்லை. ஒரே தெருவில் வாழும் இரு விதவையர் ஒரே நோயால் வருந்தலாம். ஒருத்தியின் கணவன் இறந்த காரணம் அனுமானப் பட்டியலில் உண்டு, மற்றவளுடையது இல்லை. முன்னையவளுக்கு மருந்து கிடைக்கும். பின்னையவள் கோவைகளோடு அலைவாள். அவளது நோயின் கடுமை கணிப்பில் இடம்பெறாது. அவளது உரிமையை நிர்ணயிப்பது இறந்தவனின் கோவையேயாகும்.

மாண்டவனின் விதவையையும் அநாதையையும் பேணுவோம் என 1865 மார்ச்சிற் சனாதிபதி லிங்கன் வாக்களித்தார். 2023 இல் முன்னாட் படைவீரர் திணைக்களம் தன் குறிக்கோள் வாசகத்தைத் திருத்தியபோது, குடும்பத்தினரையும் பராமரிப்போரையும் அதிற் சேர்த்துக்கொண்டது. சொல் விரிந்தது போலவே உரிமையும் விரிந்துள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்விரிவு ஒவ்வொன்றும் முதலில் மறுக்கப்பட்டோரின் நெடுங்காலத் துன்பத்தின் பின்னரே வந்தது. போரைத் தொடங்கும் அரசு அதன் விளைவுகளை நிறுவும் பொறுப்பை நோயாளியின் தலையிற் சுமத்துவது நீதியாகாது. ஐயம் எழுமிடத்து அதன் பயன் குடும்பத்தையே சாரவேண்டும் என்பதே இந்த நூற்றறுபது ஆண்டு வரலாறு உணர்த்தும் பாடமாகும்.