படியளந்தவர்கள்

ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ தொழில் கற்றுக் கொடுக்க ஆகும் செலவை யார் தலையில் போடுவது? மலர்க் குழுவினர் 'ஏதாவது சரித்திரம் மாதிரி எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டதும் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. காரணம் உண்டு. நம் சங்கத்தின் போன கூட்டத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் இதே பேச்சுத்தான் ஓடியது. கடைசி வருஷ மாணவர்களின் பயிற்சிக்கு ஒரு நிதி வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். ஆனால் வருஷா வருஷம் உண்டியல் குலுக்க முடியுமா, ஒரே தடவை வசூல் பண்ணி வட்டியில் ஓட்டுவதா, கம்பெனிகளிடம் போய் நிற்பதா, சர்க்கார் ஏதாவது கொடுக்குமா என்று வந்ததும் பேச்சு காப்பியோடு முடிந்துவிட்டது. நமக்கு முன்னால் இதை யோசித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால், அடுத்த கூட்டத்திலாவது காப்பியைத் தாண்டிப் போகலாம் என்பது என் எண்ணம்.

முதலில் பீளமேட்டுக்குப் போவோம். 1926-ம் வருஷம். பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் நான்கு பேர் குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்கிறார்கள். நான்கு பேர் என்றால் நான்கு பங்குதானே? அவர்கள் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. அதாவது, தர்மத்தையும் கூடப்பிறந்த ஒருவனாக வைத்துப் பாகம் கொடுத்துவிட்டார்கள். அதில் பிறந்ததுதான் பி.எஸ்.ஜி. அறநிலையம். கோவைப் பக்கத்து நண்பர்களுக்கு இந்தக் கதை பாலபாடம். மற்றவர்களுக்காகத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆனால் பெரும்பாலும் அந்த ஐந்தாம் பங்கோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அடுத்த விஷயம்தான் பெரிதாகத் தெரிகிறது. அதே 1926-ல் அவர்கள் ஆரம்பித்த தொழிற்கூடம் வெறும் பயிற்சிக் கூடமாக இருக்கவில்லை. பம்பு, மோட்டார், லேத் என்று சந்தைக்குப் போகிற சாமான்களைச் செய்தது. 1939-ல் பாலிடெக்னிக் வந்தது, 1951-ல் பொறியியல் கல்லூரி வந்தது. தொழிற்கூடம் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பழகுகிறவன் கை வைக்கிற வேலை, யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கப்போகிற பம்புக்கான வேலை. அதனால் தப்பு செய்தால் வாத்தியார் மார்க் குறைப்பதோடு போகாது, பீஸ் ரிஜெக்ட் ஆகும்! கல்லூரிக்குப் பின்னாளில் அரசு உதவி வந்தது, அரசு உதவி பெறும் பாடப்பிரிவுகளும் வந்தன. தர்மச் சொத்து, பட்டறை வருமானம், அரசு மானியம் என்று மூன்று வாய்க்கால். ஒன்று வற்றினாலும் வயல் காயாது.

அடுத்து காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1944-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்துத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வழி செய்தார். பிறகு மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் ஜவாஹர்லால் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இங்கே ஏற்பாடு வேறு விதம். நிலமும் முதல் பணமும் தனியார் கொடுக்க, அதற்குப் பிறகு வருஷச் செலவு முழுவதையும் மத்திய சர்க்கார் ஏற்றுக்கொண்டது. டெல்லியில் எத்தனையோ ஊர்கள் வரிசையில் நின்றபோது, கையில் நிலமும் ரொக்கமும் வைத்துக்கொண்டு போனவர் ஜெயித்தார். பொது - தனியார் கூட்டு என்று இன்று மேடைகளில் பேசுகிறோமே, அந்தப் பெயர் இல்லாமலே நடந்த காரியம் இது.

கோவையில் ஜி.டி. நாயுடுவும் 1945-ல் இதே மாதிரி ஒரு காரியத்தில் இறங்கினார். கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு தொழிற்கல்வி நிலையம். ஆனால் அவருக்கும் சர்க்காருக்கும் பாடத்திட்டத்தில் ஒத்துவரவில்லை. இத்தனை வருஷம் எதற்கு, சீக்கிரமே கற்றுக் கொடுக்கலாமே என்பது அவர் கட்சி. அவர் விலகிவிட்டார். நிலையம் வளர்ந்து இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வேறு இடத்தில் நிற்கிறது. பழைய இடத்தில் 'ஹோப் காலேஜ்' என்ற பஸ் ஸ்டாப் மட்டும் மிச்சம். கூட்டு சேருகிறபோது காசு யார் போடுவது என்று எழுதிக்கொள்கிறோம். என்ன சொல்லிக் கொடுப்பது என்பதை யார் தீர்மானிப்பது? அதை எழுதிக்கொள்ள மறந்துவிடுகிறோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. நாம் ஐ.டி.ஐ. என்று சொல்கிறோமே, அதன் ஆரம்பம். 1956-ல் நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. 1969 ஏப்ரலிலிருந்து செலவுப் பொறுப்பும் மாநிலங்களின் தலையில். அதற்கப்புறம் நடந்ததை ஊகிக்க ரொம்பப் படித்திருக்க வேண்டாம். சம்பளம் போக மிஞ்சுவதில்தான் எந்திரம் வாங்க வேண்டும். மிஞ்சினால்தானே? வெளியே தொழிற்சாலைகளில் சி.என்.சி. வந்து பல காலம் ஆன பிறகும் பல ஐ.டி.ஐ.க்களில் பழைய பெல்ட் லேத் ஓடிக்கொண்டிருந்தது.

1961-ல் வந்த அப்ரண்டிஸ் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் கல்லூரி ஆட்களுக்கு நேராகச் சம்பந்தப்பட்டது இது. ஆரம்பத்தில் தொழிலாளர் பயிற்சிக்கு மட்டும் இருந்த சட்டம், 1973 திருத்தத்தில் டிகிரி, டிப்ளமா முடித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஒரு வருஷப் பயிற்சி. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதி கம்பெனி, பாதி மத்திய அரசு. இதைப் பார்த்துக்கொள்ள நான்கு மண்டல வாரியங்கள். நம்முடையது சென்னை தரமணியில். நம்மில் எத்தனை பேர் அந்த வாரியத்தின் சர்டிபிகேட்டை பைலில் வைத்திருக்கிறோம்!

என் அபிப்பிராயத்தில் நம் நாட்டில் தொழிற்பயிற்சிக்கு யோசித்த பண ஏற்பாடுகளில் இதுதான் கெட்டிக்காரத்தனமானது. கட்டிடம் கட்ட வேண்டாம், எந்திரம் வாங்க வேண்டாம். கம்பெனியில் எந்திரம் இருக்கிறது, சொல்லிக் கொடுக்க ஃபோர்மேன் இருக்கிறார். பையனின் சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் இரண்டு பேரும் பாதிப் பாதி. நூறு பேர் ஆனாலும் ஆயிரம் பேர் ஆனாலும் அதே கணக்கு.

அப்படியானால் ஏன் அது பெரிதாக வளரவில்லை? சட்டத்தை மீறினால் ஜெயில் தண்டனைகூட உண்டு என்று எழுதி வைத்திருந்தார்கள். பயந்துகொண்டு அப்ரண்டிஸ் வேண்டாம் என்றே ஒதுங்கிய முதலாளிகள் உண்டு. கம்பெனி முதலில் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, பிறகு பாரம் எழுதி, அரசின் பாதியைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கென்று ஒரு ஆள் போட பெரிய கம்பெனியால் முடியும். பத்துப் பேர் வேலை செய்கிற பட்டறையில் முதலாளியேதான் கிளார்க். இன்னொரு பக்கம், மலிவான ஆள் கிடைத்தது என்று பயிற்சியே கொடுக்காமல் வேலை வாங்கியவர்களும் உண்டு. நான் 2010-ல் படிப்பு முடித்து அப்ரண்டிஸாகப் போன இடத்தில் பத்து மாதம் டிஸ்பாட்சில் டெலிவரி சலான் எழுதினேன். கம்பெனி பெயர் வேண்டாம். மெக்கானிக்கல் படித்தவனுக்கு வருகிற கையெழுத்து இதைவிட அழகாக இருக்காது என்று மானேஜர் பாராட்டினார். அரசு கொடுத்த பாதிப் பணம் அந்தச் சலானுக்குத்தான் போனது.

2014-ல் சட்டத்தைத் திருத்தி ஜெயில் தண்டனையை எடுத்துவிட்டார்கள். மொத்த ஆட்களில் இத்தனை சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்கலாம் என்று சுலபமாக்கினார்கள். 2019 விதிகளில் டிகிரி முடித்தவருக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய், டிப்ளமாவுக்கு 8,000 என்று ஏறியது. முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்கு அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். நான்கு பேர் உள்ள பட்டறைகூட விருப்பப்பட்டால் எடுக்கலாம். 2024-ல் அரசின் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகும்படி ஏற்பாடு வந்தது. பாரம் எழுதுகிற தொல்லைக்கு ஐம்பது வருஷம் கழித்துக் கிடைத்த விடுதலை என்று சொல்லலாம்.

இதற்கு நடுவில் 2007-08-ல் 1,396 அரசு ஐ.டி.ஐ.க்களுக்கு மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது. ஒவ்வொரு ஐ.டி.ஐ.க்கும் ஒரு தொழில் நிறுவனம் கூட்டாளி. அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் தலைமையில் ஒரு மேலாண்மைக் குழு. குழுவுக்கு இரண்டரைக் கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன். முதல் பத்து வருஷம் திருப்ப வேண்டாம், அடுத்த இருபது வருஷத்தில் தவணையாகக் கட்ட வேண்டும். 20 சதவீத இடங்களைக் குழுவே நிரப்பலாம். காகிதத்தில் அருமை. ஆனால் கூட்டாளி நிறுவனம் தன் கையிலிருந்து ஒரு பைசா போட வேண்டும் என்ற கட்டாயம் பெரிதாக இல்லை. கையைக் கடிக்காத கூட்டு எங்கே உருப்படும்? கடனைத் திருப்ப வேண்டுமே என்ற பயத்தில் பல குழுக்கள் பணத்தை வங்கியில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தன. நன்றாகச் செய்த இடங்களும் உண்டு. அங்கெல்லாம் விசாரித்தால், அந்த ஊர்த் தொழிலதிபர் ஒருவர் வாரம் ஒரு நாளாவது வந்து உட்கார்ந்திருப்பார்.

வெளிநாட்டில் எப்படி? சிங்கப்பூரில் 1972-ல் டாடா நிறுவனத்தோடு சேர்ந்து அரசு ஒரு பயிற்சி நிலையம் ஆரம்பித்தது. பிறகு ரோலை, பிலிப்ஸ் என்று வரிசையாக. நிபந்தனை என்னவென்றால், கம்பெனி தனக்கு வேண்டியதைவிட அதிகமான பேருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். மீதிப் பேர் நாட்டின் மற்றத் தொழிற்சாலைகளுக்கு. நம் நாட்டுக் கம்பெனிதான் அங்கே முதல் கூட்டாளி என்பதில் நமக்கு ஒரு சின்னப் பெருமை. 1979-ல் சிங்கப்பூர் அரசு திறன் வளர்ச்சிக்கென்று முதலாளிகளிடம் ஒரு தீர்வையே போட்டது. பிரேசிலில் அதற்கும் முன்பு, 1942-லேயே 'செனாய்' என்ற அமைப்பு வந்தது. தொழில் நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் 1 சதவீதம் அதற்குப் போகிறது. வசூலுக்குச் சட்டத்தின் பலம், நிர்வாகம் தொழிலதிபர்களின் சம்மேளனம். அதில் லேத் பழகிய ஒரு ஏழைப் பையன்தான் பின்னாளில் பிரேசிலின் ஜனாதிபதியான லூலா. 'செனாய்' எண்பது வருஷத்துக்கு மேலாக ஓடுவதற்குக் காரணம், யாருடைய நல்ல மனசையும் அது நம்பி இருக்கவில்லை.

நம் நாட்டில் அப்படிப் பயிற்சிக்கென்று தனித் தீர்வை கிடையாது. 2013 கம்பெனிச் சட்டத்தில் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று வந்தது. தொழிற்பயிற்சிக்கும் அதைக் கொடுக்கலாம். ஆனால் லாபம் வந்தால்தான் அந்தப் பணம். தொழில் படுத்தால், பயிற்சி அதிகமாகத் தேவைப்படுகிற வருஷம் பார்த்துப் பணம் குறையும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்த திட்டம் 2023-ல் திறப்பு விழா கண்டது. ரோபோ, சி.என்.சி. எல்லாம் வந்தாச்சு. இன்னும் பத்து வருஷம் கழித்து அந்த எந்திரத்துக்கு ஸ்பேர் வாங்குகிற செலவு யார் கணக்கில் என்பதுதான் மெயின்டனன்ஸில் குப்பை கொட்டுகிற என்னைப் போன்றவனுக்கு வருகிற முதல் சந்தேகம்.

சரி, நம் சங்கத்துக்கு வருகிறேன். 2019 விகிதப்படி ஒரு டிகிரி அப்ரண்டிஸுக்கு வருஷம் 1,08,000 ரூபாய். பாதியை அரசு கொடுத்தால் பட்டறைக்காரருக்கு மிச்சம் 54,000. சின்னப் பட்டறைக்கு அதுவும் கனம்தான். அதில் பாதி 27,000-ஐ நம் நிதி ஏற்றுக்கொண்டால்? 10 லட்சம் மூலதனம், 7 சதவீத வட்டி என்றால் வருஷம் 70,000. இரண்டு பேருக்கு 54,000 போக 16,000 மிச்சம். அதை அவர்களின் பஸ் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். அசலைத் தொடவே வேண்டாம். 50 லட்சம் சேர்ந்தால் பத்துப் பேர். பட்டறைக்காரரும் தன் பங்கைப் போடுவதால் சலான் எழுதவிட மாட்டார் என்று நம்பலாம். நம்பாவிட்டால், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நம்மில் ஒருவர் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

வட்டி இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று நம் சீனியர் அண்ணன் ஒருவர் கூட்டத்திலேயே கேட்டார். நியாயமான கேள்வி. பீளமேட்டுக்காரர்கள் பட்டறையையும் சேர்த்து வைத்துக்கொண்டது அதனால்தான். நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் எந்திரங்கள் சும்மா நிற்கின்றன. பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஜாப் ஒர்க் கொடுக்க ஆள் இருக்கிறார்கள், அவர்களில் நான்கைந்து பேர் நம் பழைய மாணவர்களே. கல்லூரி நிர்வாகம் அனுமதி தர வேண்டும், கணக்கைத் தனியாக வைக்க வேண்டும். பேசிப் பார்க்கலாம்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் அப்ரண்டிஸ் பதிவைக் கடைசி செமஸ்டர் முடிந்த கையோடு செய்துவிடுங்கள். தள்ளிப் போடாதீர்கள். பட்டறையோ கம்பெனியோ வைத்திருக்கும் நண்பர்களுக்கு: சந்திப்பு நாளன்று பதிவு மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் இடத்தில் வருஷத்துக்கு எத்தனை பேரை, எந்தப் பிரிவில் எடுத்துக்கொள்ள முடியும் என்று அதில் எழுதிவிட்டு, பிறகு சாப்பாட்டுப் பந்திக்குப் போகவும்.