அலங்கார டேண்டிலியன்கள்

டேண்டிலியன் என்பது சூரியகாந்திக் குடும்பத்தில் தராக்சகம் பேரினத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. ஐரோப்பியப் புல்வெளிகளில் பரவும் மஞ்சள் பூ இனம் களை என்று பெயரெடுத்துவிட்டதால், பேரினம் முழுவதற்கும் அந்தப் பழி ஒட்டிக்கொண்டது. ஆனால் மேற்கு ஜப்பானில், குறிப்பாக கியூஷுவிலும் ஷிக்கோகுவிலும், வளரும் தராக்சகம் அல்பிடத்தின் பூ வெள்ளை. நடுவில் மட்டும் மஞ்சள் தெரியும். மத்திய ஆசிய மலைகளைச் சேர்ந்த சூடோரோசியம் இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. ஃபாரோ தீவுகளின் பெயரைத் தாங்கிய இனத்தை இலைக்காகவே வளர்க்கலாம். அதில் செம்மை கலந்த கருமை ஓடும். இவற்றைத் தோட்டத்துக்கு வெளியே நிறுத்தி வைப்பதற்கு நியாயம் குறைவு.

சொல்லப்போனால், களை என்று தூற்ற வைத்த பண்பே இங்கே தோட்டக்காரருக்குக் கைகொடுக்கிறது. டேண்டிலியன் இனங்களில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை கட்டுகின்றன. பொதுவான மஞ்சள் இனத்தில் பெரும்பாலும் 3 தொகுதிகளாக 24 குரோமோசோம்களும், அல்பிடத்தில் 5 தொகுதிகளாக 40 குரோமோசோம்களும் உள்ளன. ஒற்றைப்படைத் தொகுதிகள் பாலணுக்களில் சரிசமமாகப் பிரிய முடியாது. அந்தச் சிக்கலைத் தவிர்த்து, முட்டை தானாகவே கருவாகிறது. ஆகவே வெள்ளைப் பூச் செடியின் விதை வெள்ளைப் பூவையே தரும். ரோஜாவில் ஒரு நிறத்தைத் தக்கவைக்க ஒட்டுக்கட்டவோ தண்டுத்துண்டு நடவோ வேண்டும். இங்கே ஒரு சிட்டிகை விதை போதும். (ஒவ்வொரு நகல் வரிசைக்கும் தனிப்பெயர் சூட்டத் தொடங்கிய தாவரவியலாளர்கள் 2,000க்கும் மேல் பெயரிட்டு, தங்களுக்குள்ளேயே இன்னும் உடன்படாமல் இருக்கிறார்கள்.) ஜப்பானின் சில இருமடிய இனங்கள் (2 தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டவை) விதிவிலக்கு: அவை விதை கட்ட வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும்.

விதை பறந்து ஊரெங்கும் பரவிவிடும் என்பது முதல் ஆட்சேபம். பரவும்தான். ஆனால் பெரும்பாலான விதைகள் தாய்ச்செடிக்குச் சில மீட்டர் தொலைவுக்குள்ளேயே விழுகின்றன. பூ வாடியதும் தலையைக் கிள்ளிவிட்டால் அதுவும் இல்லை. இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. ஐரோப்பிய டேண்டிலியனின் மகரந்தம் ஜப்பானின் இருமடிய இனங்களோடு கலந்து, நகரங்களில் கலப்பினங்கள் பெருகியிருக்கின்றன. நகல் விதை தரும் செடியும் மகரந்தத்தை வெளியிடும் என்பதை இது காட்டுகிறது. இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. எல்லை வகுக்கத்தான் முடியும். இருமடிய உள்ளூர் இனங்கள் வாழும் இடங்களில் வெளியூர் டேண்டிலியன்களை நடக் கூடாது. மற்ற இடங்களில் அந்தக் குறிப்பிட்ட ஆபத்து இல்லை.

வளர்ப்பு எளிது, இரண்டு விஷயங்களைத் தவிர. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் உயரமான தொட்டி வேண்டும். இடம் மாற்றினால் செடி முகம் சுளிக்கும், அறுந்து மண்ணில் தங்கிய வேர்த்துண்டு புதுச் செடியாக முளைக்கும். விதையை ஆழப் புதைக்காமல் மேலாகத் தூவி, குளிர்ந்த பருவத்தில் வளர விட வேண்டும். கிள்ளிய பூத்தலையை எருக்குழியில் போட வேண்டாம்: பறித்த பிறகும் அது விதை முற்றி, பஞ்சாக விரியும்.