ஏரிக்கரையில் ஓர் அறை

திருப்பூரில் கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் முன்பெல்லாம் கோடை விடுமுறைக்கு ஊட்டிக்குப் போய், ஏரியில் படகு விட்டுத் திரும்புவார்கள். அந்த ஏரிகூட இயற்கை தந்ததல்ல. கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1820-களில் உண்டாக்கியது. இப்போது ஆசை கடல் கடந்துவிட்டது. "ஏனுங்க, இத்தாலியில கோமோ ஏரின்னு சொல்றாங்களே, அங்க எந்த ஹோட்டல்ல தங்கறதுங்க?" என்று பனியன் ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவர் கேட்டார். கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனால் அதன் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது.

கோமோ ஏரிக்கரையில் எங்கே தங்குவது என்ற கேள்விக்குச் சுமார் 1,900 வயது. கோமோவில் பிறந்த பிளினி என்ற ரோமானியருக்கு அந்தக் கரையில் பல மாளிகைகள் இருந்தன. அவற்றில் இரண்டின்மேல் அவருக்குத் தனிப் பிரியம். பாறைமேல் உயர்ந்து நின்ற ஒன்றுக்குச் 'சோக நாடகம்' என்றும், நீரை ஒட்டிய மற்றதற்கு 'இன்ப நாடகம்' என்றும் பெயர் வைத்தார். அந்நாளில் சோக நாடக நடிகர்கள் உயர்ந்த பாதரட்சையும், இன்ப நாடக நடிகர்கள் தாழ்ந்த செருப்பும் அணிவார்களாம். தாழ இருந்த வீட்டில் படுக்கையில் சாய்ந்தபடியே தூண்டில் போடலாம் என்று நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உயரத்திலிருந்து ஏரியைப் பார்ப்பதா, நீரோடு நீராக இருப்பதா? அறை எடுப்பவர் இன்றும் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான்.

ரோமானியருக்குப் பிறகு பிரபுக்கள் வந்தார்கள். செர்னோபியோ என்ற கரையோர ஊரில் 1568-ல் ஒரு கார்டினல் கட்டிய மாளிகைதான் இன்றைய வில்லா தெஸ்தே. இங்கிலாந்தின் பட்டத்து இளவரசரைப் பிரிந்து வந்த அவர் மனைவி கரோலின் 1815-ல் அதை வாங்கிச் சில வருஷங்கள் வாழ்ந்தார். 1873-ல் அது ஹோட்டலாயிற்று. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த கோத்தார்டு ரயில் பாதை 1882-ல் திறந்ததும், வடக்கேயிருந்து பிரயாணிகள் வருவது எளிதாயிற்று. கார்டினலும் ராஜகுமாரியும் உலாவிய தோட்டத்தில், வாடகை கொடுக்க முடிந்தவர் எவரும் உலாவலாம் என்றாயிற்று.

ஏரி இரண்டு கிளையாகப் பிரியும் முனையின் அழகு வேண்டுமானால் பெல்லாஜியோவுக்குப் போகலாம். ஆனால் பனியன் வியாபாரிக்கு நான் சொல்வது செர்னோபியோதான். கோமோ நகரம் அதற்கு வெகு அருகில் இருக்கிறது. அந்த நகரம் பட்டுக்குப் பேர்போனது. நெசவும் சாயமும் அச்சும் அதன் பரம்பரைத் தொழில்கள். பட்டுக்கென்றே அங்கே ஒரு காட்சிசாலை இருக்கிறது. நம் ஊர்க்காரர் அங்கே அந்நியராக நிற்க மாட்டார்.

திருப்பூருக்கும் இத்தாலிக்கும் உறவும் உண்டு. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி இங்கே பனியன் வாங்க வந்ததிலிருந்துதான் ஐரோப்பிய ஏற்றுமதி சூடு பிடித்தது என்று ஊரில் சொல்வார்கள். ஏற்றுமதி வளர்ந்தது, சாயப்பட்டறைகள் பெருகின. சாயம் தோய்க்கத் தண்ணீர் வேண்டும். தோய்த்து அலசிய தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டும். அது நொய்யலுக்குப் போயிற்று.

நொய்யலின் குறுக்கே, பாசனத்துக்கென்று 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. நம் வீட்டு வாசலிலேயே பரந்த நீர்ப்பரப்பு! ஆனால் சில வருஷங்களுக்குள் அங்கே தேங்கியது உப்பும் சாயமுமான கழிவு. எந்த ஊரிலும் அணையைத் திறக்கச் சொல்லித்தான் விவசாயிகள் போராடுவார்கள். இங்கேயோ தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று மன்றாடினார்கள். கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலைக்கு வராத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. பல மாதங்கள் ஊரே ஸ்தம்பித்தது. சுத்திகரிப்பு ஏற்பாடுகளுக்குப் பிறகே பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரத்துப்பாளையம் கரையில் ஹோட்டல் கட்டினால் ஏரி பார்த்த அறைக்கு யார் அதிக வாடகை தருவார்கள்?

இப்படிச் சொல்வதால் கோமோவுக்குப் போக வேண்டாம் என்பதல்ல. உழைத்துச் சம்பாதித்தவர் உல்லாசமாக இருந்துவிட்டு வரட்டும். ஆனால் அங்கே ஜன்னலுக்கு வெளியே தெரியும் தண்ணீருக்குத்தான் இத்தனை வாடகையும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தண்ணீர் கெட்டால் கார்டினல் கட்டிய மாளிகையும் வெறும் கல் கட்டடம்தான்.

நல்ல காலம், திருப்பூரிடம் இன்னும் ஒரு நீர்நிலை மிஞ்சியிருக்கிறது. ஊத்துக்குளி சாலைப் பக்கத்து நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-ல் உலகப் புகழ்பெற்ற ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. குளிர்காலத்தில் கோமோக் கரைப் பெரிய ஹோட்டல்கள் பல கதவைச் சாத்திவிடுகின்றன. தூர தேசத்துப் பறவைகள் நம் குளத்தில் வந்து இறங்குவதும் அந்த மாதங்களில்தான். அவை யாரிடமும் விசாரித்து இடம் பிடிப்பதில்லை. தண்ணீரைப் பார்க்கின்றன, இறங்குகின்றன.