வெடிக்காத விண்மீன்: கணினியின் குறையா, கருந்துளையின் பிறப்பா?

2003இல் ஜெர்மனியின் கார்ஹிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வானியற்பியல் நிறுவனத்தார் வெளியிட்ட ஒரு கட்டுரையின் தலைப்பே கேள்வியாக இருந்தது: விண்மீன் சரிவின் மாதிரிகளை இவ்வளவு மேம்படுத்திய பிறகும் வெடிப்பைக் காணோமே, எது விடுபட்டது? 2011இல் கால்டெக்கைச் சேர்ந்த இவான் ஓ'கானரும் கிறிஸ்டியன் ஆட்டும் நூற்றுக்கு மேற்பட்ட விண்மீன் மாதிரிகளைக் கணினியில் சரியவிட்டார்கள். அவையும் வெடிக்கவில்லை. அதை அவர்கள் கருந்துளையின் பிறப்பாகப் படித்தார்கள். எட்டு ஆண்டுகளில் வெடிக்காமைக்குப் பொருளே மாறிவிட்டது. அந்த மாற்றத்தைக் கணினி தரவில்லை, வானம்தான் தந்தது என்பது என் வாதம்.

சரிவின் இயக்கம் பழகிய கதைதான். இரும்பு உள்ளகம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இடிந்து, அணுக்கரு அடர்த்தியை எட்டியதும் துள்ளுகிறது. துள்ளலில் கிளம்பும் அதிர்ச்சி அலை, வழியில் இரும்பு அணுக்கருக்களை உடைத்து உடைத்தே ஆற்றலை இழந்து, ஏறக்குறைய 150 கிலோமீட்டரில் திணறி நிற்கிறது. நியூட்ரினோ வெப்பம் அதற்கு மறுஉயிர் கொடுக்கும் என்று 1985இல் பெத்தேயும் வில்சனும் காட்டினார்கள். ஆனால் விண்மீனை முழு உருண்டையாகவே வைத்துக் கணக்கிடும் ஒருபரிமாண நிரல்களில் மிக லேசானவை தவிர மற்றவற்றில் அலை எழுவதில்லை. பொருள் மேலே கொட்டிக்கொண்டே இருக்கிறது. இளம் நியூட்ரான் விண்மீன் தாங்கும் வரம்பு தாண்டியதும் மையத்தில் காலத்தின் நடையைக் குறிக்கும் எண் சுழியை நெருங்குகிறது, அடர்த்தி எகிறுகிறது, நிரல் நின்றுவிடுகிறது. அந்த நிற்றலுக்குத்தான் கருந்துளை என்று பெயரிடுகிறோம். கருந்துளை பிறக்கும் அந்தக் கணத்தைத் தாண்டியும் ஓடும் முப்பரிமாண நிரல்கள் உண்டு. நூற்றுக்கணக்கான விண்மீன்களுக்கு அவற்றை ஓட்டக் கட்டுபடியாகாது.

2003இல் ஆராயப்பட்டவற்றுள் 15 சூரிய நிறை விண்மீன் ஒன்றும் இருந்தது. அந்த அளவு விண்மீன்கள் வெடிப்பதை நாம் வானில் கண்டிருக்கிறோம். ஆகவே குறை கணினியுடையது என்று உடனே தெரிந்தது. அதே வகைக் குறை கனமான விண்மீனின் கணக்கிலும் இருக்கலாமே. அங்கே மட்டும் அதை இயற்கையின் தீர்ப்பாக ஏன் ஏற்க வேண்டும்?

ஓ'கானரும் ஆட்டும் தந்த அளவுகோல் எளிமையானது: துள்ளல் கணத்தில் உள்ளகத்தின் முதல் 2.5 சூரிய நிறை எவ்வளவு இடத்துக்குள் அடங்கியிருக்கிறது? 5,000 கிலோமீட்டர் ஆரத்துக்குள் என்றால் செறிவு 0.5, 10,000 கிலோமீட்டர் என்றால் 0.25. ஏறக்குறைய 0.45ஐத் தாண்டினால் கருந்துளை என்றார்கள். அழகான எண்தான். ஆனால் 2012இல் உக்லியானோ குழுவினர், 1987ஏ சூப்பர்நோவாவின் ஆற்றலுக்கு ஏற்ப நியூட்ரினோ விசையைத் திருகி வைத்துக் கணக்கிட்டபோது, வெடிப்பும் சரிவும் நிறை வரிசையில் மாறிமாறி வந்தன. இரவல் வாங்கிய ஒரே வெடிப்பை வைத்து எல்லா விண்மீன்களையும் அளக்கிறோம் என்பதை அந்த முடிவுகளைப் பார்க்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2023இல் ஆடம் பரோஸ் குழுவின் முப்பரிமாணக் கணக்கில் 40 சூரிய நிறை விண்மீன் ஒன்று வெடித்தது, கருந்துளையையும் விட்டுச்சென்றது. வெடிப்பா, கருந்துளையா என்று இரண்டில் ஒன்றைக் கேட்ட கேள்வியே அங்கே ஆட்டம் கண்டது.

புதிய வாசிப்புக்குத் துணிவு தந்தவை தொலைநோக்கிகள். வெடிப்புக்கு முந்தைய படங்களில் ஏறக்குறைய 17 சூரிய நிறைக்கு மேற்பட்ட செம்பெருவிண்மீன்கள் தென்படவில்லை என்று 2009இல் ஸ்மார்ட் குழு காட்டியது. என்ஜிசி 6946 விண்மீன் மண்டலத்தில் சுமார் 25 சூரிய நிறை கொண்ட ஒரு விண்மீன் 2009இல் சற்றே பிரகாசித்துக் கண்ணுறு ஒளியில் மறைந்தது. வெடிக்காத சரிவுக்கு அதுவே சாட்சி என்றார்கள். 2023இல் வெப் தொலைநோக்கி அங்கே அகச்சிவப்பு ஒளியைக் கண்டது; இரு விண்மீன்கள் இணைந்ததாகவும் இருக்கலாம் என்ற ஐயம் வலுத்தது. மறைந்த விண்மீனை மாதிரிக்குச் சான்றாக்கி, மாதிரியை வைத்தே மறைவுக்கு விளக்கம் சொல்லும் வட்டத்தில் இப்போது நிற்கிறோம்.

வட்டத்துக்கு வெளியே ஒரு சாட்சி உண்டு. 1987இல் ஜப்பானின் காமியோகாண்டே உணரி அதே 1987ஏ சூப்பர்நோவாவிலிருந்து வந்த 11 நியூட்ரினோக்களைப் பிடித்தது. நம் பால்வெளியில் ஒரு விண்மீன் சரிந்தால் 50,000 டன் நீர் கொண்ட சூப்பர் காமியோகாண்டே ஆயிரக்கணக்கில் பிடிக்கும். மெல்லத் தேயவேண்டிய அந்த நியூட்ரினோ ஓட்டம் சில மில்லிநொடிகளில் சட்டென அறுந்தால், அது கருந்துளையின் பிறப்புக்கு எந்த நிரலும் எழுதித் தராத பதிவாக இருக்கும்.